ஆட்டம் பிழைப்பாகுமா?
(ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



சில மாதங்களுக்கு முன் மஃரிப் தொழுகைக்குப் பின் ஒரு தகப்பனார் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஒன்பதாம் வகுப்பு முடித்த பிள்ளை. மேலூரிலிருந்து நாள்தோறும் மதுரைக்குப் பேருந்தில் போய் பேட்மிண்டன் பயில்பவன். நம் பெரியவர்கள் ஆடிய கம்பளிப் பூப்பந்து அல்ல, இது இறகுப்பந்து. "ஹஜ்ரத், பள்ளியை நிறுத்திவிட்டு முழுநேரமும் ஆடினால் இவன் முன்னுக்கு வருவான் என்கிறார்கள். வீட்டு நகையை அடகு வைக்கலாமா? அல்லது ஜமாஅத் கல்வி நிதியில் உதவி கிடைக்குமா?" என்று கேட்டார். வட்டி விலக்கப்பட்டது என்பதை அறியாதவர் அல்லர் அவர். ஆசை அந்த அளவுக்கு அவரை இழுத்திருந்தது.

அந்த ஆசையை நான் குறை கூறவில்லை. செவித்திறன் குன்றிய நம் மதுரை மகள் ஜெர்லின் அனிகா, 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். அவ்வாண்டே அர்ஜுனா விருதும் பெற்றார். அதைக் கண்ட எந்தத் தகப்பனுக்குத்தான் ஆசை எழாது? ஆனால் வென்றவர் நம் கண்ணில் படுகிறார், வெல்லாதவர் படுவதில்லை.

இதை நானாகச் சொல்லவில்லை. 2001இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றவரும், சாய்னா நேவால், பி.வி.சிந்து ஆகியோரை உருவாக்கிய பயிற்சியாளருமான புல்லேலா கோபிசந்த், செல்வமோ குடும்பத் தொழிலோ இல்லாத வீட்டார் பிள்ளைகளை விளையாட்டையே நம்பி அனுப்ப வேண்டாம் என்று 2025இல் வெளிப்படையாகக் கூறினார். அந்த விளையாட்டாலேயே உயர்ந்தவரின் வாயிலிருந்து வந்த சொல் அது.

காரணம் என்ன? முதலாவது, செலவு. ஒரு பந்தில் 16 இறகுகள். எடை ஐந்து கிராம் அளவே. பலமாக அடித்தால் இறகு ஒடிந்துவிடும். ஒரு மாலைப் பயிற்சிக்குள் எத்தனை பந்துகள் குப்பைக்குப் போகின்றன என்பதை மைதானத்தில் நின்று பார்த்தவர் அறிவர். அதற்கு மேல், பெரிய போட்டிகளில் ஆட உலகத் தரவரிசை வேண்டும். 52 வாரங்களில் ஆடியவற்றுள் சிறந்த பத்துப் போட்டிகளின் புள்ளிகளைக் கொண்டே அந்த வரிசை கணக்கிடப்படுகிறது. அப்புள்ளிகளுக்காக நாடு நாடாகப் பறக்க வேண்டும். பெயர் வெளிவரும் வரை அந்தப் பயணச் செலவு பெரும்பாலும் வீட்டின் தலையில்தான்.

உடலும் நெடுநாள் ஒத்துழைப்பதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாய்னாவுக்கு 2016இல் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. மூட்டுவாதத்தால் அவதிப்படுவதாக 2024இல் அவரே சொன்னபோது வயது 34தான். அவருக்குப் பெயரும் பொருளும் துணை நின்றன. மாவட்ட அளவில் ஆடி முழங்கால் கெட்டுப்போனவனுக்கு யார் துணை?

"வேலை கிடைக்குமே, ஹஜ்ரத்!" என்றார் அவர். உண்மைதான். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரருக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு, இரயில்வேயிலும் உண்டு. ஆனால் பதக்கம் மட்டும் போதாது, பாய். அந்த இரயில்வே வேலைக்கும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் எனப் பதவிக்கேற்ற கல்விச் சான்று கேட்கிறார்கள். பள்ளியை நிறுத்தினால், ஆட்டம் திறந்துவிடும் அந்த ஒரே கதவையும் நாமே அடைத்தவர்களாவோம். இதைச் சொன்னதும் பையன் தலை நிமிர்ந்து தந்தையைப் பார்த்தான். இந்த விவரம் அவர்களுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

கல்வி நிதியிலிருந்து போட்டிச் செலவுக்குத் தர இயலாது என்று நிர்வாகக் கமிட்டி முடிவு செய்தது. பள்ளிக் கட்டணத்திற்கும் கணக்குப் பாடத் தனிப்பயிற்சிக்கும் தந்தோம். நகை வீட்டிலேயே இருக்கிறது. மாலைப் பேருந்தில் மதுரைக்குப் போவதை அவன் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லவும் இல்லை. வரும் பொதுத்தேர்வில் பத்தாம் வகுப்பு எழுதுகிறான்; துஆச் செய்யுங்கள்.