தும்புச்சோறும் மூன்று படிகளும்

(வாவிக்கரைத் தென்னந்தோட்டத் தொழிலாளர்களிடையே எமது நலன்புரி நிதியத்தின் சார்பில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



1978 நவம்பர்ச் சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. 2004 சுனாமி கரையோரக் கிணறுகளை உப்பாக்கியது. இதையெல்லாம் தாண்டி நிற்கிற மரங்களிலிருந்து இன்னும் ஒரு சதம் கூடக் கிடைக்க வழியுண்டா என்று பலர் எங்களிடம் கேட்டீர்கள். ஒரு வழி காலடியிலேயே கிடக்கு.

பொச்சு மட்டையை அடிச்சால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தும்பு. மிச்சம் சோறு. முன்பு அது கழிவாகக் குவிந்து கிடந்தது. இன்று அதைக் கழுவி, உலர்த்தி, கட்டியாக அமுக்கிக் கப்பலேற்றுகிறார்கள். தன் நிறையைப்போல எட்டு மடங்கு வரை தண்ணீரைப் பிடித்து வைப்பதால், ஒல்லாந்து போன்ற நாடுகளில் மண்ணுக்குப் பதிலாக அதில் பூவும் காய்கறியும் வளர்க்கிறார்கள்.

புதுப் பொருள் ஒன்றைச் செய்யும்போது மிகுந்த பலன் தருகிற கட்டம் எது? காசு கைக்கு வாற நாள்தான் எண்டு சொல்வீங்க. நாங்கள் மூன்று படிகளைச் சொல்கிறோம்.

முதற்படி, கழிவைப் பொருளாகப் பார்ப்பது. இதற்குச் செலவில்லை. ஆனால் மட்டை யாருக்குச் சொந்தம், வருமானத்தில் யாருக்கு என்ன பங்கு என்பதைத் தோட்ட நிர்வாகத்தோடு முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி, சோதனை. அதிக பலன் இங்கேதான். நமது வாவித் தண்ணீர் உவர். உவரில் ஊறிய மட்டையின் சோற்றிலும் உப்பு ஏறியிருக்கும். அப்படியே நாற்றுக்குப் போட்டால் இலை நுனி கருகும். ஆகவே மூன்று சட்டி எடுங்கள். ஒன்றில் கழுவாத சோறு, ஒன்றில் நல்ல தண்ணீரில் ஒருதரம் கழுவியது, ஒன்றில் மூன்றுதரம் கழுவியது. மூன்றிலும் ஒரே மிளகாய்க் கன்று, ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு உரம். மூன்று கிழமை பார்த்து, கொப்பியில் எழுதுங்கள்.

இலை கருகாமல் வெளிறி மஞ்சளானால் காரணம் வேறாக இருக்கலாம். மக்காத சோறு தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். அதற்குச் சாணமோ யூரியாவோ சேர்த்து மக்க வைக்க வேணும். ஐமிச்சம் இருந்தால் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

சட்டியிலே ஒரு கன்று செத்தால் அது பாடம். ஆயிரம் கட்டி விற்ற பிறகு, வாங்கினவர் தோட்டத்திலே செத்தால் அது கடன். இந்த வித்தியாசத்தை மறக்க வேண்டாம்.

மூன்றாம் படி, இரண்டாம் முறை வாங்க வருகிறவர். முதல்தரம் முகத்துக்காக வாங்குவார்கள். திரும்பி வருகிறவர்தான் பொருளுக்காக வருகிறார். அவரிடம் எது பிடித்தது, எது குறை என்று கேளுங்கள். வராதவரையும் தேடிப்போய்க் கேளுங்கள்.

அமுக்கும் இயந்திரம் வாங்க உடனே கடன் எடுப்போமா எண்டு சில அக்காமார் கேட்டீங்க. வேண்டாம். சட்டி மூன்றும் பதில் சொல்லட்டும். பழைய வாடிக்கைக்காரர் திரும்பி வரட்டும். அதுவரை உரப்பையில் நிரப்பி, அயலிலுள்ள நாற்றுமேடைக்காரருக்குக் கொடுத்துப் பாருங்கள். சோற்றைப் புடைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள்.

இயந்திரம் பிறகும் வாங்கலாம். வீட்டு நகையை அடகு வைத்த பிறகு சோதனை செய்வது கஷ்டம். இன்றைக்கே மூன்று சட்டியை எடுங்கள்.