இணையப் பள்ளியின் வாயிற்படி



கல்விச் செல்வம் எல்லோர்க்கும் பொது என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயின், பொது என்று சொல்லி வைக்கப்பட்ட ஒரு பொருள் எல்லோருடைய கைக்கும் எட்டும் உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா என்பது வேறு வினா. ஊர் நடுவே ஒரு நூலகம் கட்டி, அதன் வாயிலுக்குப் பத்துப் படிகளும் அமைத்து, "யாவரும் வருக" என்று பலகை எழுதித் தொங்கவிட்டால், சக்கர நாற்காலியில் வருபவர் அப்பலகையைப் படித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கட்டடங்களைப் பொறுத்தவரை இவ்வுண்மையை நம் நாடு உணர்ந்து, பொதுக் கட்டடங்களுக்குள் யாவரும் சென்று வருவதற்கான வசதிகள் பற்றி 2006ஆம் ஆண்டில் ஒழுங்குவிதிகளும் ஆக்கியிருக்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கல்லாலும் சாந்தாலும் கட்டப்படாத ஒரு கட்டடத்தைப் பற்றியது. அதுவே கல்வி இணையத்தளம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளைநோய் காரணமாக நம் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடக் குறிப்புகளும் மாதிரி வினாத்தாள்களும் கைத்தொலைபேசி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் மாணவரை நாடிச் சென்றன. பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் அவ்வழக்கம் நின்றுவிடவில்லை. ஆசிரியர்களும், பழைய மாணவர் சங்கங்களும், கல்வித் திணைக்களங்களும் அமைத்த தளங்கள் இன்று பல. மதிலும் மணியும் இல்லாத இப்பள்ளிக்கு வாயிற்படி மட்டும் இருக்கின்றது. அப்படியில் தடுக்கி நிற்பவர் யாவர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கண்பார்வை அறவே இல்லாதவர் உளர். பார்வை மங்கியவர் உளர். செவிப்புலன் குறைந்தவர் உளர். கை நடுக்கத்தாலோ ஊனத்தாலோ சுட்டியைப் பிடித்து அசைக்க இயலாதவர் உளர். எழுத்துக் கூட்டி வாசிப்பதிலேயே இடர்ப்படும் பிள்ளைகளும் உளர். இவர்கள் எல்லோரும் நம் வாசகரே.

விழிப்புலன் இழந்தவர் எழுத்தைப் படிப்பது எங்ஙனம்? பிரான்சு நாட்டில் 1809ஆம் ஆண்டு பிறந்த லூயி பிரெயில், சிறு குழந்தையாக இருந்தபோது தந்தையாரின் தோல் வேலைக் கூடத்தில் நேர்ந்த விபத்தினால் பார்வையை இழந்தவர். அவர் தமது பதினைந்தாம் வயதளவில் ஆறு புள்ளிகளைக் கொண்டு ஓர் எழுத்து முறையை வகுத்தார்; 1829இல் அது நூலாக வெளிவந்தது. விரலால் தடவிப் படிக்கும் அம்முறை இன்றும் உலகெங்கும் வாழ்கின்றது. நம் காலத்தில் அதனோடு இன்னொரு துணையும் சேர்ந்துள்ளது. கணினித் திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றி ஒலிக்கும் மென்பொருளே அது, திரைவாசிப்பான் என்பர். 2006ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில், தாமே பார்வையற்றவரான ஓர் இளைஞர் தொடக்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை எவரும் விலையின்றிப் பெறலாம். தமிழை ஒலிக்கும் குரல்களும் இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் கிடைக்கின்றன. எனவே கருவி உண்டு. அக்கருவி வாசிக்கத்தக்கதாக நாம் எழுதுகின்றோமா என்பதே கேள்வி.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டிலே பாமினி என்னும் எழுத்துருவில் தட்டச்சுச் செய்யும் பழக்கம் நெடுங்காலமாக வேரூன்றியது. கண்ணுக்கு அது அழகிய தமிழாகவே தோன்றும். ஆனால் கணினியின் உள்ளத்திலே அது தமிழன்று. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் புனைந்த கூத்து. பாமினியில் "அம்மா" என்று எழுதினால், கணினி தன்னகத்தே வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகளையே. திரைவாசிப்பானும் அந்த வேடத்தைக் காணாது, உள்ளிருக்கும் ஆங்கில எழுத்துகளையே ஒலிக்கும். அம்மா என்ற சொல்லைக் கேட்கக் காத்திருக்கும் பிள்ளையின் செவியில் விழுவது பொருளற்ற ஓசை. இதற்கு மாற்று, ஒருங்குறி என்னும் யுனிகோட் முறை. 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒருங்குறியில் எழுதிய தமிழ் கணினிக்கும் தமிழே. பாமினியில் உள்ள பழைய குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகளும் இலவசமாக உண்டு. மாற்றியபின் ஒருமுறை பிழை திருத்தினாற் போதும்.

இரண்டாவது சிக்கல், அச்சுத்தாளை ஒளிப்படமாக எடுத்து அப்படியே தளத்தில் ஏற்றுவது. படத்தில் உள்ள எழுத்து, எழுத்தன்று, எழுத்தின் நிழல். எமது பாடசாலையில் உயர்தர வகுப்பிலே வரலாறு பயின்ற மாணவி ஒருத்தி பார்வை முற்றும் இழந்தவள். கணினியின் குரலைக் கேட்டுப் படிப்பதில் அவளுக்கு இருந்த வேகம் நம் காதுக்குப் பிடிபடாத வேகம். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில், தளம் ஒன்றில் வெளியான வினாவிடைத் தொகுப்பைத் திறந்தாள். பக்கந்தோறும் கணினி "படம், படம்" என்றதே அல்லாமல் வேறொன்றும் சொல்லவில்லை. தோழியர் பாடசாலை முடிந்தபின் விறாந்தையில் இருந்து முறைவைத்து அவளுக்கு வாசித்துக் காட்டினர். அன்பின் செயல், பாராட்டத்தக்கது. ஆயினும் அவள் ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அவர்கள் எவ்வளவும் வாசிப்பார்கள், சேர். ஆனால் ஒரே பந்தியை மூன்றாம் முறை வாசிக்கச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது." எம் ஆசிரியர் இருவர் அத்தொகுப்பை ஒருங்குறியில் தட்டச்சுச் செய்து கொடுத்தனர். அதன்பின் அவள் எந்தப் பந்தியை எத்தனை முறை கேட்டாள் என்பது எவருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. தனியே இருந்து, தடுமாறி, திரும்பத் திரும்பப் படிக்கும் அந்த உரிமை நமக்கெல்லாம் கேளாமலே கிடைத்தது. அதைத்தான் நாம் பிறருக்கும் அளிக்க வேண்டும்.

படங்களே கூடாது என்று சொல்ல வந்தேன் அல்லேன். புவியியலுக்குப் படம் இன்றியமையாதது. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், திரைவாசிப்பான் படிக்கத்தக்க ஒரு விளக்க வாசகத்தை இணைக்கும் வசதி உண்டு. அவ்விடத்தில் "படம் ஒன்று" என்று எழுதினால் பயனில்லை. "மகாவலி கங்கை மத்திய மலைநாட்டில் தோன்றி, வடகிழக்கு நோக்கி ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலொடு கலப்பதைக் காட்டும் இலங்கைப் படம்" என்று எழுதினால், காணாத பிள்ளையும் அதே பாடத்தைக் கற்கும்.

ஏனையவற்றைச் சுருங்கக் கூறுகிறேன். தலைப்பைப் பெரிய எழுத்தாக மட்டும் காட்டாது, தலைப்பு என்றே கணினிக்கு அறிவித்தால், கேட்டுப் படிப்பவர் வேண்டிய அதிகாரத்துக்குத் தாவலாம். "இங்கே அழுத்துக" என்று எழுதாது, "தரம் பத்து விஞ்ஞானக் குறிப்புகள்" என்று இணைப்புக்குப் பெயரிட்டால், அது எங்கே இட்டுச் செல்லும் என்பது விளங்கும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்துவைத்தால், கருவி தமிழ்க் குரலைத் தேர்ந்துகொள்ளும். சரியான விடையைப் பச்சையாலும் பிழையான விடையைச் சிவப்பாலும் மட்டுமே வேறுபடுத்தினால், அவ்விரு நிறங்களையும் பிரித்தறிய இயலாதவர் மயங்குவர். பக்கத்தில் "சரி", "பிழை" என்று எழுதுதல் நலம். வெளிர்நிறப் பின்னணியில் சாம்பல் எழுத்து பொறிப்பது முதியோர்க்கும் இடர் தரும். காணொளிப் பாடத்தின் அடியில் பேச்சை எழுத்தாகத் தருவது செவிப்புலனற்ற மாணவர்க்குச் செய்யும் பேருதவி. சுட்டியின்றி விசைப்பலகை ஒன்றினாலேயே தளம் முழுவதும் உலாவ இயலுதல் வேண்டும்.

இவை என் கற்பனை அல்ல. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999ஆம் ஆண்டிலேயே இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2008இலும், 2018இலும், 2023இலும் அவை புதுக்கப்பட்டன. அந்நெறிகளின் சாரம் நான்கு: உள்ளடக்கம் புலன்களுக்கு எட்ட வேண்டும், இயக்கத்தக்கதாய் இருக்க வேண்டும், விளங்க வேண்டும், எந்தக் கருவியிலும் நிலைத்து நிற்க வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நாலரைக்கு ஒன்று என்ற அளவிலேனும் ஒளி வேறுபாடு வேண்டும் என்று கணக்கிட்டும் சொல்கின்றன. இவையெல்லாம் வெறும் இரக்கத்தின்பாற் பட்டவையும் அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2006இல் நிறைவேற்றிய சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. தகவலை அணுகுவதும் கல்வியைப் பெறுவதும் அச்சமவாயம் கூறும் உரிமைகள்.

"பார்வையற்ற மாணவர் பாடசாலைக்கு ஒருவரோ இருவரோதானே, அவர்களுக்காக இத்தனை வேலையா?" என்று சிலர் வினவுவர். சாய்தளத்தில் ஏறுபவர் சக்கர நாற்காலியில் வருபவர் மட்டுமா? குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துவரும் தாயும், முழங்கால் வலிக்கும் தாத்தாவும் அதில்தான் ஏறுகின்றனர். அதுபோல, படமாக அன்றி எழுத்தாக அமைந்த பக்கம் பாரம் குறைந்தது. சிறிய தொலைபேசியிலும், தரவுக்குக் காசு எண்ணிச் செலவிடும் வீட்டிலும், அலைவரிசை மெலிந்த தோட்டப்புறத்திலும் விரைவாகத் திறக்கும். அதிலே ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கலாம், எழுத்தைப் பெருப்பிக்கலாம். ஒருவருக்காகச் செய்தது பலருக்குப் பயன்படும்.

நேயர்களே, இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுள் கண்ணுடையார் யார், கண்ணிலார் யார் என்று இந்த ஒலிவாங்கிக்குத் தெரியாது. வானொலி அவ்விருவரையும் ஒன்றாகவே நடத்துகிறது. ஆனால் செவிப்புலன் இல்லாதவர்க்கு இக்கணம் நான் பேசுவது ஒன்றுமே இல்லை. இப்பேச்சு அச்சேறும்போதுதான் அவரும் நம் அவையில் வந்து அமர்கின்றார். எந்த ஊடகமும் தனித்து எல்லோர்க்கும் போதியதன்று. ஒரே பொருளைக் கண்ணுக்கும் காதுக்கும் விரலுக்கும் ஒருங்கே தரவல்லது இணையம் என்பதே அதன் தனிச்சிறப்பு. அச்சிறப்பை நாமே அடைத்துவிடலாகாது.

ஆதலின், பாடக் குறிப்புகளை இணையத்தில் ஏற்றும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த குறிப்பை வெளியிடுமுன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டும் உங்கள் பக்கத்தின் இறுதிவரை செல்ல முடிகிறதா என்று பாருங்கள். பின்னர் தொலைபேசியின் திரைவாசிப்பானை இயக்கி, கண்களை மூடிக்கொண்டு, உங்கள் பாடத்தை நீங்களே கேளுங்கள். தமிழ் ஒலித்தால் மகிழுங்கள்; "படம்" என்றோ, எம், கே என்றோ ஒலித்தால், அன்றைக்கே தட்டச்சுப் பலகையின் முன் அமருங்கள். ஒரு மாலைப்பொழுதின் வேலைதான் அது. அதற்காக எங்கோ ஒரு வீட்டில், பரீட்சையை எண்ணி விழித்திருக்கும் பிள்ளை ஒன்று காத்திருக்கிறது.