சுரம் தணிந்த நாள்
(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோயைப் பற்றி உரைக்க மருத்துவர் இருக்க, இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இங்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நேரியதே. ஆயினும், உங்கள் குழந்தைகளைப் பகற்பொழுதெல்லாம் கண்ணெதிரே வைத்திருப்பவர் யாமாதலின், யாம் செய்த பிழையொன்றை உங்கள் முன் ஒப்புக்கொண்டு, அதனால் அறிந்ததனை உங்கட்கும் அறிவித்தல் கடனெனத் துணிந்தோம்.

சில ஆண்டுகட்கு முன், ஐப்பசி மழைக்காலத்தில், எம் வகுப்பு மாணவன் ஒருவன் நான்கு நாள் சுரத்தால் வாராதிருந்து ஐந்தாம் நாட் காலையிற் பள்ளிக்கு வந்தான். “சுரம் விட்டுவிட்டது ஐயா, தலைக்கு நீர் வார்த்து அழைத்து வந்திருக்கிறேன்” என்று தாயார் மகிழ்ந்து கூறிச் சென்றார். முற்பகலில் அவன் மேசைமேல் தலை சாய்த்துக் கிடந்தான். யாம் அதனைச் சோம்பலென்று எண்ணி, எழுந்து நிற்கப் பணித்தோம். அவனும் நின்றான், வினாவியதற்குத் தெளிவாகவே விடையும் இறுத்தான். நண்பகலில், தட்டினை நீட்டிய அவன் கையைத் தொட்ட சத்துணவுக் கூடத்து அம்மையார், “ஐயா, இந்தப் பிள்ளையின் கை பச்சைத் தண்ணீராய்ச் சில்லிட்டிருக்கிறதே!” என்று அலறினார். அப்பொழுதே மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். மூன்று நாள் கழித்தே பிள்ளை தப்பினான் என்ற சொல் எம் காதில் விழுந்தது. அவனைக் காத்தது எம் கல்வியன்று, அவ்வம்மையாரின் கையே.

அவனுக்கு வந்தது டெங்குச் சுரம். இந்நோயை விளைக்கும் நுண்கிருமிகள் நான்கு வகையின. ஒரு வகையால் நோயுற்றுத் தேறியவர்க்குப் பின்னர் மற்றொரு வகை தாக்குமாயின், அது கடுமையாதற்கு இடம் மிகுதி. ஆதலின், “முன்னரே ஒருமுறை வந்துவிட்டது, இனி அச்சமில்லை” என்பார் கூற்று பொருந்தாது. இதனைப் பரப்பும் ஏடிஸ் என்னும் கொசு பகலிற் கடிப்பது. சாக்கடையிலன்றி, நாம் மூடாது வைத்த தெளிந்த நீரிலே முட்டையிடுவது. கடித்த 4 முதல் 10 நாட்குள் சுரம் காணும்.

இனி, எளிய டெங்குவின் இயல்பினைக் கூறுவோம். சுரம் திடீரெனக் கடுமையாகத் தோன்றி 2 முதல் 7 நாள் வரை நிற்கும். தலைவலி, கண்ணின் பின்புற வலி, உடல் நோவு, வாந்தி, தோலிற் செம்புள்ளி ஆகியன உடன் காணலாம். வாய்பேசாக் குழந்தை வலியைச் சொல்லமாட்டாது. ஓயாது அழும், பால் மறுக்கும். இவ்வளவில் நிற்கும் பிள்ளைகளே பெரும்பாலோர். இவர்களை மருத்துவரிடம் காட்டியபின், அவர் சொல்வழி வீட்டிலேயே பேணலாம். கஞ்சி, மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைச் சிறுகச் சிறுக அடிக்கடி புகட்டல் வேண்டும். ஆறு மணிக்கு ஒருமுறையேனும் சிறுநீர் கழிகின்றதா என நோக்கல் வேண்டும். சுரத்திற்குப் பாரசிட்டமால் ஒன்றே, மருத்துவர் எடைக்கேற்பக் குறித்த அளவிற் கொடுக்கத்தக்கது. ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் குருதிப் பெருக்கை மிகுவிப்பன, அவற்றைக் கொடுத்தலாகாது.

தாய்மார்களே! இனிக் கூறுவதே இச்சொற்பொழிவின் உயிர்நிலை. பிற சுரங்களில் உடல் குளிர்ந்தால் நோய் நீங்கிற்றென மகிழ்கிறோம். டெங்குவிலோ, சுரம் தணியும் வேளையே இடர் தொடங்கும் வேளை. நோய் கண்ட 3ஆம் நாள் முதல் 7ஆம் நாட்குள், சுரம் இறங்கும்பொழுது, சில பிள்ளைகட்கு நுண்ணிய குருதிக்குழாய்களின் சுவர் நெகிழ்ந்து, குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசிந்துவிடுகின்றது. குழாய்க்குள் எஞ்சிய குருதி தடித்து, அளவிற் குறைந்து, உறுப்புக்களுக்குப் போதாதாகின்றது. இவ்விடர்க்காலம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும்.

அப்பொழுது காணும் அபாயக் குறிகள் யாவையெனின்: தணியாத கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ பல்லீறிலோ குருதி, கறுத்த மலம், மூச்சுத் திணறல், மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை, சிறுநீர் குறைதல். இவற்றுள் ஒன்று காணினும் நாளை பார்ப்போமென்று இருத்தல் கூடாது. கைகால் சில்லிட்டு, நாடி தளர்ந்து விரைந்தோடுமாயின் அது கடுமையின் எல்லை. பிள்ளையின் விரல் நகத்தை வெளுக்கும்வரை அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் சிவப்பு மீளாதாயின் ஒரு கணமும் தாழ்த்தாதீர்கள். அந்நிலையிலும் பிள்ளை தெளிவாகப் பேசக்கூடும். எம்மை ஏமாற்றியது அத்தெளிவே.

தட்டணுக்களின் எண்ணிக்கை ஒன்றையே கேட்டு நடுங்குவாரும், அஃது ஏறிற்றென்று கேட்டு அயர்வாரும் நம்மிடைப் பலர். எண்ணிக்கையோடு குருதியின் அடர்த்தியையும் குழந்தையின் நிலையையும் சேர்த்து நோக்கியே மருத்துவர் முடிவு செய்வர். நிலவேம்புக் குடிநீரோ பப்பாளி இலைச் சாறோ கொடுத்துவிட்டோம் என்று மருத்துவமனை செல்லாது காலந்தாழ்த்தலும் பெரும்பிழை. காலத்தில் நரம்பு வழி நீரேற்றிக் கண்காணித்தால், கடுமையான டெங்குவிலும் இறப்பு நூற்றுக்கு ஒன்றினும் குறைவே என உலக சுகாதார நிறுவனத்தார் கூறுகின்றனர். எனவே இங்கு உயிரை வாங்குவது பெரும்பாலும் நோயன்று, காலதாமதமே.

அன்பர்களே! திருமணத்திற்கும் கல்விக்கும் உதவும் நம் சங்கம் இதற்கும் ஒரு சிறு முயற்சி மேற்கொள்ளுமாக. ஞாயிறுதோறும் ஒவ்வொரு வீட்டாரும் தொட்டி, குடம், பூச்சட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றின் நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவி, வேண்டியவற்றை மூடி வைப்பாராக. சுரம் தணிந்த பின் இரண்டு நாள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதிருப்பாராக. வருகைப்பதிவு குறையுமென்று அஞ்சற்க. அதனை யாம் பார்த்துக்கொள்வோம். அவ்விரண்டு இரவும் விழித்திருந்து, மணிக்கொருமுறை பிள்ளையின் கையைத் தொட்டுப் பாருங்கள். அதற்குப் பட்டமும் படிப்பும் வேண்டா. ஓர் அன்புடைய கை போதும்.

நம் குழந்தைகள் நோயின்றி நீடு வாழ்க!