ஊசியைப் பிடுங்கினால் நோய் போகுமா?

(சங்கப் பொதுக்கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



மும்பையில் நம் குடியிருப்புக்குப் பக்கத்தில், போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொள்பவர்களுக்குப் புது ஊசி கொடுக்கும் நிலையம் வரக் கூடாது என்று ஒரு மனு சுற்றுகிறது. பலர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நாங்கள் போடவில்லை. ஏன் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

"அரசாங்கமே ஊசி கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறதே!" என்கிறார்கள் தாய்மார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் ஊசி கிடைக்கவில்லையே என்று எவன் போதையை விட்டான்? பக்கத்தில் இருப்பவனுடைய ஊசியை வாங்கிக் குத்திக்கொள்கிறான். அதோடு எச்.ஐ.வி.யும், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி-யும் வருகின்றன. பிறகு அவன் மனைவிக்கு.

மணிப்பூரைப் பாருங்கள். பர்மா எல்லை வழியாக ஹெராயின் வந்தது. போலீசும் சிறையும்தான் மருந்து என்று நினைத்தார்கள். 1990 வாக்கில் ஊசி போடுபவர்களிடம் எச்.ஐ.வி. தென்பட்டது; ஓரிரு ஆண்டுக்குள் சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பரவிவிட்டது. அதன் பிறகே, 1996-இல், ஊசி கொடுப்பதையும் உள்ளடக்கிய கொள்கையை அந்த மாநிலம் வகுத்தது. எத்தனை வீடுகள் இருண்ட பிறகு வந்த புத்தி!

இன்று மத்திய அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே ஊசி தருகிறது. நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரையும் தருகிறது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 22-ஆவது பிரிவு, இப்படிக் கொடுப்பது குற்றமாகாது என்கிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஹெராயின் உபயோகித்தவனுக்கே ஓராண்டு வரை சிறை என்கிறது. ஒரு கை ஊசியை நீட்டுகிறது, மறு கை விலங்கை மாட்டுகிறது. நிலையத்தின் வாசலில் போலீஸ் நின்றால் உள்ளே யார் வருவான்? சிகிச்சைக்குத் தானாக முன்வருபவனுக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கும் 64ஏ பிரிவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அதை யார் அவனுக்கு எடுத்துச் சொல்கிறார்கள்?

2019-இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பு, ஊசி போடுபவர்கள் சுமார் எட்டரை லட்சம் பேர் என்றது. அவர்களில் கூலிக்காரன் எத்தனை பேர்! தினமும் பகலில் மாத்திரைக்கு வரிசையில் நிற்பவனுக்கு அன்றைய வேலை போகிறது. 2020 ஊரடங்கில் சில நாள் மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுத்தார்கள். அதனால் குடி முழுகிவிடவில்லை.

சாக்கடையோரம் கிடக்கும் ஊசி நம் குழந்தைகள் காலில் குத்துமே என்று பயப்படுகிறோம். பழைய ஊசியைத் திரும்ப வாங்குவதும் அந்த நிலையத்தின் வேலைதான். மனு எழுதியவர்கள் இதை விசாரித்திருக்கலாம்.

ஆகவே வேறொரு மனு தயாரித்திருக்கிறோம். நிலையம் வேலை முடிந்து வருபவனுக்காக மாலையிலும் திறந்திருக்க வேண்டும். வாசலில் கைது கூடாது. அளவு மீறி மூச்சு அடங்கியவனைப் பிழைக்கவைக்கும் நலாக்சோன் மருந்து அங்கே இருக்க வேண்டும். பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும். தாள் மேசைமேல் இருக்கிறது. பழைய மனுவில் கையெழுத்திட்டவர்களும் படித்துப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கலாம். கூட்டம் முடியும்வரை செயற்குழு இங்கேதான் இருக்கும்.