நேதாஜியைச் சுமந்து வந்த யூ-180



நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியிலிருந்து ஆசியாவுக்கு நீர்மூழ்கிக் கப்பலில் வந்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. மூன்று மாதம் கடலுக்கு அடியிலேயே பயணம் செய்தார் என்று மேடைகளில் அடித்துச் சொல்பவர்களும் உண்டு. கேட்பதற்குச் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று மாதம் என்ன, ஒரு வாரம்கூட அந்தக் காலத்து நீர்மூழ்கியால் நீருக்கடியிலேயே ஓடிக்கொண்டிருக்க முடியாது. போஸின் வாழ்க்கை வரலாறுகளில் இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும் அந்தக் கப்பலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதன் பெயர் யூ-180.

வடஜெர்மனியில் பிரேமன் நகரத்து வேசர் கப்பல் கட்டும் தளத்தில் உருவான கப்பல் அது. 1941 டிசம்பரில் நீரில் இறக்கினார்கள். 1942 மே மாதம் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 87 மீட்டருக்கு மேல், அகலம் ஏழரை மீட்டர். நீர் மேல் மிதக்கும்போது எடை 1,610 டன். அட்லாண்டிக் கடலில் ஆங்கிலேயரின் சரக்குக் கப்பல்களை வேட்டையாடிய ஜெர்மன் நீர்மூழ்கிகளில் பெரும்பாலானவை ஏழாம் வகை என்ற நடுத்தரக் கப்பல்கள். யூ-180 அதைவிட மிகப் பெரியது. தொலைதூரக் கடல்களுக்காக வடிவமைத்த ஒன்பதாம் வகையின் நீட்டித்த வடிவம். ஜெர்மானியர் அதை 9-டி-1 என்று குறித்தார்கள். அந்த வடிவத்தில் கட்டியவை மொத்தம் இரண்டே இரண்டு. ஏன் இரண்டோடு நிறுத்திவிட்டார்கள் என்பதற்கு விடை அதன் இன்ஜின் அறையில் இருக்கிறது.

அக்கால நீர்மூழ்கிக்கு இரண்டு உயிர் என்று சொல்லலாம். நீர் மேலே டீசல் இன்ஜின், நீருக்கடியில் பேட்டரியில் ஓடும் மின்மோட்டார். டீசல் எரியக் காற்று வேண்டும். கப்பல் மூழ்கிவிட்டால் காற்று கிடைக்காது. ஆகவே மூழ்கியதும் டீசலை நிறுத்திவிட்டு மோட்டாருக்கு மாறுவார்கள். அந்தப் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? மணிக்கு நான்கு கடல்மைல், அதாவது வேகமாக நடக்கிறவரின் வேகத்தைவிடச் சற்றே கூடுதல். அந்த வேகத்தில் போனால் ஒரு பகல் ஓர் இரவு, அவ்வளவுதான். அதன்பின் மேலே வந்து டீசலை ஓட்டி, பேட்டரிக்கு மின்னேற்றம் செய்தாக வேண்டும். ஆகவே அது பெரும்பாலும் நீர் மேலேயே போகிற கப்பல். விமானத்தையோ எதிரிக் கப்பலையோ கண்டால் மூழ்கும். தாக்கும்போதும் தேவைப்பட்டால் மூழ்கும். மற்ற நேரமெல்லாம் திறந்த கடலில், அலை மேல், எவர் கண்ணிலும் படக்கூடிய இடத்தில்தான் அதன் பயணம். நேதாஜியின் துணிச்சலை அளக்க வேண்டுமானால் இந்தத் திறந்த வெளியை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இன்ஜினுக்கு வருவோம். வழக்கமான ஒன்பதாம் வகைக் கப்பலில் இரண்டு பெரிய டீசல் இன்ஜின்கள் இருக்கும். நிதானமாக ஓடும், நம்பி ஓட்டலாம். யூ-180-இல் பொறியாளர்களுக்கு வேகத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. கடற்படையின் அதிவேகத் தாக்குதல் படகுகளில் பொருத்தும் மெர்சிடிஸ் பென்ஸ் இன்ஜினை எடுத்தார்கள். 20 சிலிண்டர் கொண்டது. ஒவ்வொன்றும் 1,500 குதிரைத் திறன். அதில் ஆறு. மொத்தம் 9,000 குதிரைத் திறன்! நீர் மேல் மணிக்கு 20 கடல்மைலுக்கு மேல் பாயும் என்பது கணக்கு. காகிதத்தில் அழகான கணக்குதான். கடலில் என்ன நடந்தது? ஆறு இன்ஜின்களும் புகையாய்க் கக்கின. ஒளிந்து வாழ வேண்டிய கப்பல், தான் இருக்கும் இடத்தைத் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுத்தது. சில மணி நேரம் பாய்ந்துவிட்டுத் துறைமுகம் திரும்பும் சிறு படகுக்குச் செய்த இன்ஜினை, மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் கப்பலுக்குள் திணித்தால் வேறென்ன ஆகும்?

இந்தக் கப்பலின் முதல் போர்ப் பயணத்திலேயே இரண்டு இந்தியர்கள் ஏறினார்கள். 1943 பிப்ரவரி 9, ஜெர்மனியின் கீல் துறைமுகம். ஒருவர் 46 வயது போஸ். மற்றவர் ஹைதராபாத்காரரான ஆபித் ஹசன். ஜெர்மனியில் படிக்கப் போய், போஸின் உதவியாளராகச் சேர்ந்தவர். ஐரோப்பாவில் போஸ் விட்டுவந்தது மனைவி எமிலியையும், பிறந்து மூன்று மாதம்கூட நிறையாத மகள் அனிதாவையும். கப்பலின் கேப்டன் வெர்னர் மூசன்பெர்க். வந்திருப்பது யார் என்பது மாலுமிகளுக்குத் தெரியாது. நார்வேயில் நீர்மூழ்கித் தளம் கட்டப் போகும் பொறியாளர்கள் என்று சொல்லிவைத்திருந்தார்கள். நார்வே கடந்துபோன பிறகும் பொறியாளர்கள் இறங்கவில்லை என்றபோது மாலுமிகள் என்ன நினைத்தார்களோ!

உள்ளே வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை ஆபித் ஹசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதலில் மூக்கில் ஏறியது டீசல் நாற்றம். போர்வையில் டீசல், ரொட்டியில் டீசல், காற்றில் டீசல். நிமிர்ந்து நடக்க இடம் கிடையாது. ரயில் பெட்டியின் பக்கவாட்டுப் படுக்கைபோல, ஆட்கள் போய்வரும் வழியோரத்தில் போஸுக்கு ஒரு படுக்கை. ஜெர்மானியரின் இறைச்சியும் ரொட்டியும் போஸுக்கு இறங்கவில்லை. ஹசன் கப்பலின் உணவுக் கிடங்கைத் துழாவியதில் கொஞ்சம் அரிசியும் பருப்பும் அகப்பட்டன. இரண்டையும் சேர்த்துக் கிச்சடி செய்தார். போஸ் என்ன செய்தார் தெரியுமா? ஜெர்மன் அதிகாரிகளைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். இருக்கிற அரிசி தீர்ந்துவிடுமே என்று ஹசனுக்கு உள்ளூர எரிச்சல். ஆயிரம் வரலாற்றுப் பக்கங்களைவிட இந்த ஒரு கிச்சடி அந்த மனிதரை எனக்கு நெருக்கமாகக் காட்டுகிறது.

சாப்பாடு நேரம் போக மீதி நேரமெல்லாம் வேலை. போஸ் சொல்லச் சொல்ல ஹசன் எழுதுவார். தாம் முன்பு எழுதிய நூலைத் திருத்தினார். ஜப்பான் பிரதமர் டோஜோவைச் சந்தித்தால் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார். பெண்களுக்கென்று ஒரு படைப்பிரிவு அமைப்பது பற்றியும் அந்த டீசல் நாற்றத்துக்குள்ளேதான் யோசித்தார். ஒருமுறை தாக்குதலின்போது எதிரிக் கப்பல் வந்து இடித்துவிடும் நிலை. கப்பல் முழுக்கக் கூச்சல், குலுக்கல். ஹசனின் கை நின்றுவிட்டது. போஸ் மட்டும் சலனமில்லாமல், ஒரே கருத்தை இரண்டு முறை சொல்லிவிட்டேன், நீ இன்னும் எழுதவில்லையே என்று கேட்டாராம்.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய யூ-180, ஏப்ரல் 18-ஆம் தேதி கார்பிஸ் என்ற ஆங்கிலேய எண்ணெய்க் கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தது. எண்ணெயோடு சேர்ந்து மாலுமிகளில் பெரும்பாலோர் மாண்டார்கள். நேதாஜி கதையைச் சொல்லும்போது இதை நாம் வசதியாக விட்டுவிடுகிறோம். அவர் ஏறிவந்தது பயணிகள் கப்பல் அல்ல, ஹிட்லரின் போர்க்கப்பல்.

ஏப்ரல் 26 வாக்கில், மடகாஸ்கர் தீவுக்குத் தெற்கே, பினாங்கிலிருந்து வந்திருந்த ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை அது சந்தித்தது. சந்தித்தும் நெருங்க முடியவில்லை. கடல் அவ்வளவு கொந்தளிப்பு. இரண்டு கப்பலும் பக்கம் பக்கமாக ஓடியபடி காத்திருந்தன. 28-ஆம் தேதி ஒரு ரப்பர் படகில் போஸும் ஹசனும் நனைந்து தெப்பலாகி ஜப்பானியக் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 78 நாள் ஜெர்மன் கப்பல் வாசம் அத்தோடு முடிந்தது. உலகப் போர் முழுவதிலும், போர்வீரர் அல்லாத ஒருவர் ஒரு நாட்டு நீர்மூழ்கியிலிருந்து இன்னொரு நாட்டு நீர்மூழ்கிக்கு மாறியதாக அறியப்படும் நிகழ்ச்சி இது ஒன்றுதான்.

ஐ-29-இல் பினாங்குக் கடைகளில் வாங்கிவந்த இந்திய மசாலா காத்திருந்தது. வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது என்று ஹசன் சொன்னதில் வியப்பில்லை. மே மாதத் தொடக்கத்தில் சுமத்ராவுக்கு வடக்கே சபாங் தீவில் இறங்கினார்கள். அங்கிருந்து விமானத்தில் டோக்கியோ. ஜூலை 2-ஆம் தேதி சிங்கப்பூர். அதற்குப் பிறகு நடந்ததில் நம்மவர்களுக்குப் பெரிய பங்கு. மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் போஸ் தலைமையேற்ற இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். நீர்மூழ்கியில் யோசித்த பெண்கள் படை, ஜான்சி ராணிப் படையாக உருவானது. அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போயிருந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். அவரோடு நின்றவர்களில் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் ஏராளம்.

யூ-180 என்ன ஆயிற்று? போஸைக் கொடுத்துவிட்டு, ஜப்பானியரிடமிருந்து ஏறக்குறைய இரண்டு டன் தங்கத்தையும் இரண்டு கடற்படை அதிகாரிகளையும் ஏற்றிக்கொண்டு திரும்பியது. தங்கம், பெர்லினில் இருந்த ஜப்பானியத் தூதரகத்துக்கு. வழியில் போரிஸ் என்ற கிரேக்கச் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. போஸ் சிங்கப்பூரில் கால் வைத்த அதே ஜூலை முதல் வாரத்தில் பிரான்சின் போர்தோ துறைமுகத்தை அடைந்தது. அது மூழ்கடித்த கப்பல்கள் வாழ்நாளில் அந்த இரண்டுதான்.

கடற்படை அந்த ஆறு இன்ஜின்களையும் கழற்றிப் போட்டது. டார்பிடோக் குழாய்களையும் அகற்றிவிட்டு, சரக்குக் கப்பலாக மாற்றினார்கள். இப்போது அதில் சாதாரண டீசல் இன்ஜின்கள், 250 டன் சரக்கு ஏற்ற இடம். போர்க்கப்பல் என்ற முறையில் யூ-180 தோற்றுப்போன வடிவம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1944 ஆகஸ்டில் நேசநாட்டுப் படைகள் பிரான்சுக்குள் முன்னேறி வந்தபோது, ரோல்ஃப் ரீசன் என்ற இளம் கேப்டனின் தலைமையில் கிழக்காசியாவை நோக்கி அவசரமாகக் கிளம்பியது. பிஸ்கே விரிகுடாவிலேயே காணாமல் போனது. கண்ணிவெடியில் சிக்கியது என்று நெடுநாள் நம்பினார்கள். மூழ்கியபடியே டீசலுக்குக் காற்று இழுக்கும் ஸ்நார்க்கெல் குழாயில் கோளாறு ஏற்பட்டிருக்கலாம் என்று கருதுவோரும் இருக்கிறார்கள். அதில் இருந்த 56 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஐ-29-ஐ அதற்கு முந்திய மாதமே, பிலிப்பைன்சுக்கு வடக்கே, அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்துவிட்டது. 9-டி-1 வடிவத்தின் இன்னொரு கப்பலான யூ-195 மட்டும் எப்படியோ ஜாவா வரை வந்து சேர்ந்து, ஜெர்மனி சரணடைந்த பிறகு ஜப்பானியர் கைக்குப் போனது.

இந்த முடிவு யூ-180-க்கு மட்டும் நேர்ந்ததல்ல. அந்தப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போனவர்கள் சுமார் 40,000 பேர். ஊர் திரும்பாதவர்கள் ஏறக்குறைய 30,000 பேர்.