முளை பாராத விதை

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டையின் வாயிலிலே தமிழ்க் கல்வெட்டொன்று பதிந்திருக்கிறது. 1622 இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்தனர். அக்கோயிலின் கற்கள் கோட்டைக்கு உதவின. கல்வெட்டின் வரிகள் சிதைந்தமையால், அறிஞர் எஞ்சியவற்றைக் கொண்டே பொருள் உய்த்துணர்கின்றனர். படியெடுத்து வையாத எழுத்து அழிந்தால் மீளாது.

கணினிக்கும் இவ்விதி பொருந்தும். 2023 ஆகஸ்டில், தரவுகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீயநிரலொன்று இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பைத் தாக்கியது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவுகளுக்குத் தனியே பிரித்து வைத்த காப்புநகல் இல்லாமையால், அவை மீளவில்லை.

ஆதலின், துறைமுக நகரின் அலுவலகமொன்றில் இரவுதோறும் எடுக்கும் தரவுத்தள நகல் ஒருநாள் நின்றுபோனால், பொறுப்பாளர் அதனைச் சிறு குறையெனக் கருதலாகாது. முதலிலே கணினியின் நிகழ்வுப் பதிவில் இறுதி வரிகளைப் படித்தல் வேண்டும். வட்டில் இடமுண்டா, கடவுச்சொல் மாறியதா, எழுதும் அனுமதி உண்டா, குறித்த வேளையில் கணினி இயங்கியதா என ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும்.

குறை தீர்ந்ததும் பணி முடிந்ததன்று. அந்நகலை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தல் வேண்டும். உழவர் விதைநெல்லை முளைகட்டிப் பார்த்தே வயலில் இடுவர். மீட்டுப் பாராத நகலும் முளை பாராத விதையே.