நம் கணினிக்கு ஏற்ற தீயரண் எது?

(வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



கணினிக்குத் தீயரண், அதாவது ஃபயர்வால், தேர்ந்தெடுப்பது எப்படி என்பது இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. "இது கணினி ஆசிரியர்களுக்கான செய்தி, நமக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இரண்டு ஆசிரியர் மட்டும் உள்ள தொடக்கப் பள்ளியில் கணினி ஆசிரியர் ஏது? எமிஸ் பதிவு, கல்வி உதவித்தொகைப் பட்டியல் எல்லாவற்றையும் செய்வது நாம்தானே? எனவே, கணினியைத் தொடும் எல்லாருக்கும் உரியது இந்தத் தலைப்பு.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் பள்ளிக் கணினியில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன? பதிவேற்றுவதற்கு வசதியாக எக்செல் தாளில் குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கைப்பேசி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் வரிசையாகத் தட்டச்சு செய்து வைத்திருப்போம். பதிவேற்றிய பிறகும் அந்தத் தாள் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும். சேர்க்கைப் பதிவேட்டை இரவில் மேசை மீது திறந்து வைத்துவிட்டு வீட்டிற்குப் போவோமா? பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டுத்தானே போகிறோம்? கணினியில் இருப்பதும் அதே பதிவேடுதான். பெற்றோர் நம்மை நம்பிக் கொடுத்த விவரம் அது. அதைக் காப்பதும் நம் பணியில் அடங்கும்.

ஃபயர்வால் என்றால் என்ன?

ஒரு கட்டடத்தில் பிடித்த தீ அடுத்த கட்டடத்திற்குப் பரவாமல் தடுக்க எழுப்பும் சுவருக்குத்தான் ஆங்கிலத்தில் முதலில் இந்தப் பெயர் வழங்கியது. கணினியில் அது ஒரு காவலர் செய்யும் வேலையைச் செய்கிறது.

பிணையத்தில் இணைந்த கணினியை நிறைய வாசல்கள் உள்ள ஒரு கட்டடமாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசல்களைப் போர்ட் என்கிறோம். அவற்றுக்கு 65,535 வரை எண் உண்டு. பாதுகாப்பான இணையதளங்கள் பெரும்பாலும் 443ஆம் எண்ணில் பேசுகின்றன. விண்டோஸ் கணினிகள் ஒன்றோடொன்று கோப்பையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்வது 445ஆம் எண்ணில். நாமாகக் கேட்டு வரவழைத்த தகவலை ஃபயர்வால் உள்ளே விடும். கேட்காமல் வெளியிலிருந்து வந்து வாசலைத் தட்டுவதை நிறுத்திவிடும். எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்று அதனிடம் ஒரு விதிப்பட்டியல் இருக்கும். அடிப்படை வேலை இவ்வளவுதான்.

இதன் அருமையை உலகம் உணர்ந்தது 2003ஆம் ஆண்டில். அந்த ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற தீநிரல் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் பரவியது. யாரும் மின்னஞ்சலைத் திறக்கவில்லை, எந்த இணைப்பையும் சொடுக்கவில்லை. கணினி இணையத்தில் இருந்தது, 135ஆம் வாசல் திறந்திருந்தது, உள்ளே வந்துவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போதே ஒரு ஃபயர்வால் இருந்தது. ஆனால் அது தானாக இயங்கும்படி வைக்கப்படவில்லை. 2004இல் வெளிவந்த சர்வீஸ் பேக் 2 என்ற புதுப்பிப்பில்தான் மைக்ரோசாஃப்ட் அதை எல்லாருக்கும் இயங்கு நிலையில் கொடுத்தது. காவலரைப் பணியில் அமர்த்திவிட்டு விடுப்பும் கொடுத்து அனுப்பிய கதைதான்.

அடுத்து, 2017 மே மாதம் வன்னாகிரை வந்தது. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது நுழைந்தது 445ஆம் வாசல் வழியாக. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் 2 மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. புதுப்பிக்காத கணினியில், அந்த வாசலும் திறந்திருந்தால், ஓட்டை அப்படியே இருந்தது. ஃபயர்வாலும் புதுப்பிப்பும் ஒன்றுக்கொன்று துணை என்பதை இந்தச் சம்பவம் காட்டியது. ஒன்று இருக்கிறது என்பதற்காக மற்றொன்றை விட்டுவிடக் கூடாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இனி தலைப்புக்கு வருகிறேன். பள்ளிக்கு வந்து பாதுகாப்பு மென்பொருள் விற்பவர்கள் உண்டு. "இதை வாங்கினால் கவலையே இல்லை சார்" என்பார்கள். பள்ளி மானியம் எவ்வளவு என்பது நம் எல்லாருக்கும் தெரியும். சாக்பீஸும் துடைப்பமும் வாங்க வேண்டிய பணத்தில் இதை வாங்குவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: என்னிடம் ஏற்கெனவே இருப்பது போதாதா?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபயர்வால் உடன் வருகிறது, தானாகவே இயங்குகிறது. கேட்காமல் வருவதை அது தடுக்கிறது. வீட்டுக் கணினிக்கும் சிறிய பள்ளி அலுவலகத்திற்கும் இது போதும். உபுண்டு போன்ற லினக்ஸ் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதில் யூ.எஃப்.டபிள்யூ என்ற ஃபயர்வால் உடன் வந்தாலும் தானாக இயங்காது. நாம்தான் இயக்க வேண்டும். கட்டளை தட்டச்சு செய்யத் தயங்குவோர் ஜி.யூ.எஃப்.டபிள்யூ என்ற செயலியை நிறுவினால், ஒரு பொத்தானைத் தள்ளியே இயக்கிவிடலாம். இரண்டுக்கும் செலவில்லை.

இரண்டாவது கேள்வி: அது கேட்கும் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியுமா?

தனியாகக் கிடைக்கும் ஃபயர்வால்களில் சோன்அலாரம், கொமோடோ போன்றவை பெயர் பெற்றவை. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதுடன், நம் கணினியிலிருந்து வெளியே செல்ல முயலும் நிரல்களையும் கண்காணித்து "இதை அனுமதிக்கலாமா?" என்று அவை கேட்கும். விவரம் தெரிந்தவர் கையில் இது நல்ல கருவி. நமக்கு எப்படி இருக்கும் என்று பாருங்கள். "எஸ்.வி.சி.ஹோஸ்ட் இணையத்திற்குச் செல்ல விரும்புகிறது" என்று திரையில் ஒரு பெட்டி வரும். அது விண்டோஸின் சொந்தச் சேவைகளை நடத்தும் நிரல் என்பது தெரியாமல் "வேண்டாம்" என்றால் இணையமே நின்றுபோகலாம். அதற்குப் பயந்து, அடுத்த நாள் முதல் எது கேட்டாலும் "சரி" என்போம். எல்லாவற்றுக்கும் தலையாட்டும் காவலர் இருந்து என்ன பயன்? அடிக்கடி கேள்வி கேட்கும் ஃபயர்வாலை விட, அமைதியாக வேலை செய்யும் ஃபயர்வாலே நமக்கு ஏற்றது.

மூன்றாவது கேள்வி: என் கணினி அதைத் தாங்குமா?

பள்ளிகளில் பழைய கணினிகளே அதிகம். நினைவகம் குறைந்த கணினியில் கனமான பாதுகாப்புத் தொகுப்பை நிறுவினால் எமிஸ் பக்கம் திறப்பதற்குள் மணி அடித்துவிடும். பொறுமை இழந்த யாராவது ஒருவர் தொகுப்பை முழுவதுமாக நிறுத்திவைப்பார். பாதுகாப்புக்கு வாங்கியதே பாதுகாப்பின்மைக்குக் காரணமாகிவிடும்.

நான்காவது கேள்வி: சந்தா முடிந்த பிறகு என்ன நடக்கும்?

தனி ஃபயர்வால் கொண்ட தொகுப்பை நிறுவும்போது, விண்டோஸ் ஃபயர்வால் பொதுவாகத் தன் பொறுப்பை அதனிடம் விட்டுவிடும். இரண்டு ஃபயர்வால்களை ஒரே கணினியில் ஒன்றாக இயக்குவதும் நல்லதல்ல. ஓராண்டு சந்தா முடிந்து, புதுப்பிக்கப் பணமும் இல்லை என்றால் யார் காவல்? அத்தகைய தொகுப்பை முறையாக நீக்கிவிட்டு, விண்டோஸ் ஃபயர்வால் மீண்டும் இயங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இந்த நான்கு கேள்விகளுக்கும் பிறகு என் பரிந்துரை இதுதான்: நம் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்குப் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. உள்ளதை இயக்கி வைத்தால் போதும்.

அதுதான் இயங்குகிறதே என்பீர்கள். உண்மையிலேயே இயங்குகிறதா? பிரிண்டரைப் பகிர முடியவில்லை என்று பழுது பார்க்க வந்தவர், வேலை சீக்கிரம் முடிய ஃபயர்வாலை நிறுத்திவிட்டுப் போயிருக்கலாம். திருட்டு மென்பொருள் நிறுவும்போது "பாதுகாப்பை அணைத்துவிட்டு நிறுவவும்" என்ற குறிப்பைப் பார்த்து யாராவது அணைத்திருக்கலாம். பிரிண்டர் வேலை செய்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்படி நின்றுபோன காவல் எத்தனை பள்ளிகளில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சரிபார்ப்பது எப்படி?

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, 'ஃபயர்வால்' என்ற பகுதிக்குச் செல்லுங்கள். டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று தலைப்புகள் இருக்கும். மூன்றும் 'ஆன்' என்று காட்ட வேண்டும். ஏதாவது ஒன்று அணைந்திருந்தால் இயக்கிவிடுங்கள். யார் எந்த விதியை மாற்றினார்கள் என்று தெரியாத கணினியானால், அதே பக்கத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வசதியும் இருக்கிறது.

அந்தத் தலைப்புகளில் பிரைவேட், பப்ளிக் இரண்டின் வேறுபாட்டை மட்டும் மனத்தில் வையுங்கள். பிரைவேட் என்பது நமக்குத் தெரிந்த, நம்பக்கூடிய பிணையம். பள்ளி அலுவலகத்திற்குள் பிரிண்டரைப் பகிர அதைத் தேர்ந்தெடுக்கலாம். பயிற்சி நடக்கும் இடம், விடுதி, ரயில் நிலையம் போன்ற இடங்களின் வைஃபையில் இணையும்போது பப்ளிக் என்றே இருக்கட்டும். அப்போது அதே வைஃபையில் இருக்கும் அந்நியர் கணினிக்கு நம் கணினி எளிதில் தென்படாது. பிரிண்டருக்காக ஃபயர்வாலையே நிறுத்தத் தேவையில்லை. பகிர்வுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். ஹைடெக் ஆய்வகக் கணினிகளில் மட்டும் நாமாக எதையும் மாற்ற வேண்டாம். அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பாளரிடம் கேட்டுச் செய்வோம்.

வீட்டில் ரவுட்டர் வைத்திருப்போர் அதுவே ஒரு தடுப்பு என்பதை அறிந்துகொள்ளுங்கள். அதன் நிர்வாகக் கடவுச்சொல் வாங்கியபோது இருந்ததாகவே இருந்தால் இன்றே மாற்றுங்கள். மடிக்கணினி நம்மோடு ஊர் ஊராக வரும், ரவுட்டர் வராது. ஆகவே ரவுட்டர் இருந்தாலும் கணினியின் சொந்த ஃபயர்வால் தேவை.

எதைத் தடுக்காது?

இதைச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு பாதிதான். "உங்கள் வங்கிக் கணக்கு முடங்கிவிடும், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று வரும் அழைப்பை எந்த ஃபயர்வாலும் தடுக்காது. போலிப் பக்கத்தில் நாமே கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால் தடுக்காது. பிரவுசிங் சென்டரில் செருகி எடுத்து வந்த பென்டிரைவில் உள்ள வைரஸையும் தடுக்காது. அதற்கு வைரஸ் எதிர்ப்பு நிரல் வேண்டும். உள்ளிருப்பவரே கதவைத் திறந்துவிட்டால் காவலர் என்ன செய்வார்? புதுப்பிப்பு நின்றுபோன கணினியையும் ஃபயர்வால் மட்டும் காப்பாற்றாது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். இவ்வளவுக்கும் மேல் பண மோசடி நடந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள்.

நண்பர்களே, நாளைக் காலை பள்ளிக்குச் சென்றதும் மூன்று வேலைகள் செய்யுங்கள். ஃபயர்வால் இயங்குகிறதா என்று பாருங்கள். காத்திருக்கும் புதுப்பிப்புகளை நிறுவுங்கள். பயன்பாடு முடிந்த மாணவர் விவரத் தாள்களை டெஸ்க்டாப்பிலிருந்து அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். இல்லாத கோப்பை எவராலும் திருட முடியாது. புதுப்பிப்புக்கு ஆகும் நேரத்தைத் தவிர்த்தால், மற்ற இரண்டும் ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரை அருகில் நிறுத்திக்கொண்டு ஃபயர்வாலைச் சரிபார்த்துக் காட்டுங்கள். அவர்கள் வீட்டுக் கணினியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.